மரக்கோயிலின் தீக்காவல்

பேருந்தை விட்டு இறங்கியதும் என் முதல் வேலை கற்பூரம் பறிப்பது. எத்தனை தடவை சொல்லி அனுப்பினாலும் நம் ஆட்கள் கொண்டுவராமல் இருக்கமாட்டார்கள். தீப்பெட்டியை விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுகிறார்கள். கற்பூரம் மட்டும் மூக்குப்பொடி டப்பாவிலும் மாத்திரை உறையிலும் ஒளிந்துகொண்டு ஜப்பான் வரைக்கும் வந்துவிடும்.

"அண்ணாச்சி, மேல இருக்கிறது முழுக்க மரம். தூண் மரம், தரை மரம், கூரை மரம், சாமியும் மரம். ஆயிரத்து முந்நூறு வருசமா மழையையும் பூகம்பத்தையும் தாங்கி நிக்குது. உங்க ஒரு வில்லை சூடத்துல போயிரும்" என்று சொல்லிப் பையை நீட்டுவேன். முணுமுணுத்துக்கொண்டே போடுவார்கள். "சூடம் காட்டாம என்ன கோயில்" என்று யாராவது ஒருவர் சொல்வார். அதற்கு நான் சிரிப்பேன். ஒரே பேச்சுக்கு ஒரே இடத்தில் நின்று ஒரே சிரிப்பைச் சிரிப்பதற்குப் பெயர்தான் வழிகாட்டி உத்தியோகம்.

நான் தூத்துக்குடிக்காரன். பெயர் இருதயராஜ். வேதக்காரன், கிறிஸ்தவன். இந்துக்களைக் கூட்டிக்கொண்டு புத்தர் கோயில் காட்டிப் பிழைக்கிறேன். மும்மதமும் உங்களுக்குச் சோறு போடுகிறது என்று என் மனைவி கேலி செய்வாள். முதல் இரண்டு வருடம் அந்த மலைக்கோயிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். இப்போது எப்போது மழை வரும், கழிப்பறை எங்கே காலியாக இருக்கும் என்றுதான் கண் பார்க்கிறது.

அன்று வந்த கூட்டத்தில் தென்காசிப் பக்கத்து அம்மாக்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மூத்தவர் உலகம்மாள். அறுபதைத் தொட்டிருப்பார். வந்திறங்கிய நாளிலிருந்து அவர் வாயில் சொல்லும் இல்லை, சோறும் இல்லை. எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருவார், எழுப்பினால் எழுந்திருப்பார். மற்றவர் அவருடைய நாத்தனார் பேச்சியம்மாள். இருவருக்குமாகச் சேர்த்து அவரே பேசினார், அவரே சாப்பிட்டார். முட்டிவலி என்று ஒவ்வொரு படியிலும் அறிவிப்புச் செய்தார்.

உலகம்மாள் ஒரே ஒரு தடவை என்னிடம் தானாக வந்து பேசினார். ஒரு புகைப்படத்தை நீட்டினார். அதில் கண்ணாடி போட்ட ஒரு பையன், பெரிய மரப்புத்தருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"எம்மவன் மாரிச்செல்வம். இங்கனதான் வேலை பாத்தான். ஒருநாள் உன்னைக் கூட்டிட்டுப் போயி இந்தச் சாமியைக் காட்டுதேம்மான்னு சொன்னான். அவன் நின்ன எடத்துல நானும் ஒரு தடவை நின்னுட்டாப் போதும் தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்."

"தம்பி இப்ப எங்க இருக்காரு?"

"லீவுக்கு வந்தவன் பைக்குல போனான். லாரி."

மேலே கேட்காமல் படத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்படிப்பட்ட படங்களோடு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரக்கமும் ஒரு கட்டத்தில் களைத்துப்போகிறது.

மலையடிவாரத்தில் தீக்காவல் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு மலையில் ஒரு கிறுக்கன் இதே போன்ற கோயிலைக் கொளுத்திச் சாம்பலாக்கினான். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு. பார்க்க ஒரு மர வளைவு, அதன் கீழே ஒரு கல். கல்லில் ஏறி நின்று மூன்று மூச்சு விடவேண்டும். வளைவில் நீல விளக்கு எரிந்தால் போகலாம். ஆரஞ்சு எரிந்தால் நில்.

எல்லோருக்கும் நீலம் எரிந்தது. பேச்சியம்மாள் வளைவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அம்புட்டுப் படியும் ஏறுனா என்னையும் மரப்பெட்டியிலதான் எறக்கணும். நீங்க போயிட்டு வாங்க." கடைசியாக உலகம்மாள் ஏறி நின்றார்.

ஆரஞ்சு.

காவலில் இருந்த ஒகாதா அம்மையார் எழுந்து வந்து இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். உலகம்மாள் என்னைப் பார்த்தார்.

"நான் என்ன களவாங்கவா வந்தேன் தம்பி?"

"இல்லக்கா. இது மனசுல இருக்கிற நெருப்பைப் பாக்குது."

"மனசுலயா?"

"ஆமா. சும்மா அடுப்பு, விளக்குன்னு நெனச்சா ஒண்ணும் செய்யாது. மனசை உலுக்குற மாதிரி ஒரு நெருப்பு நெனப்புல இருந்தா புடிச்சிரும். கோயிலைக் கொளுத்த வாரவனுக்கும் அப்படித்தான் இருக்கும்லா? நம்ம ஊர் ஆளுங்கன்னா நாலு பேர்ல ஒருத்தரு மாட்டுவாங்க. அப்பா அம்மாவுக்குக் கொள்ளி வச்சவங்க எல்லாரும். இங்க அதெல்லாம் மெஷின்ல முடிஞ்சிரும். யாரும் கையால வைக்கிறதில்ல. இதைச் செஞ்சவனுக்கு நம்ம வழக்கம் தெரியாது."

அவர் அந்த ஆரஞ்சு விளக்கைப் பார்த்தார்.

"நடந்த நெருப்பா, நடக்காத நெருப்பான்னு இதுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. மனசுல ரெண்டும் ஒரே எடத்துலதான் கெடக்காம். அதைப் பிரிச்சுப் பாக்க இன்னும் இவங்களுக்குத் தெரியல."

"அப்பச் சரி" என்றார்.

அப்பச் சரி என்றால் என்ன என்று நான் யோசிக்கவில்லை. வழக்கமான வைத்தியத்தைச் சொன்னேன். "குத்தால அருவியை நெனச்சுக்கோங்க. நெருப்பை நெனைக்காதீங்க." இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே சிரிப்பு வரும். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொன்ன கதைதான். மறுபடியும் ஏறினார். மறுபடியும் ஆரஞ்சு.

இனி ஆற்றுவது ஒன்றுதான் வழி. ஒகாதா அம்மையாரின் அறையில் ஒரு மெல்லிய தொப்பி இருக்கிறது. சற்று நேரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அந்த நெருப்பு நினைப்பு சுமார் ஒரு மணி நேரத்துக்கு மங்கிவிடும். நெருப்போடு எது கட்டிக் கிடக்கிறதோ அதுவும் சேர்ந்து மங்கும். அதுதான் இதில் உள்ள கொடுமை. போன வருடம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், அப்பா பேரில் பிரார்த்தனை செய்ய வந்தவர், தொப்பியைப் போட்டுக்கொண்டு மேலே போய்த் தூண்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல தேக்கா இருக்குமோ" என்று கேட்டார். அப்பா என்ற நினைப்பே அவருக்கு இல்லை. இறங்கும்போது அது மொத்தமாகத் திரும்பி வந்தது. பாதிப் படியில் உட்கார்ந்து இரண்டாம் தடவையாக அப்பாவைப் பறிகொடுத்தார்.

இதையும் உலகம்மாளிடம் சொன்னேன். மகன் நினைப்பு மங்கிப்போகலாம், பரவாயில்லையா என்று கேட்டேன்.

"அவன் மங்கமாட்டான்" என்றார். ரொம்பத் தீர்மானமாகச் சொன்னார்.

அவர் சொன்னபடியேதான் ஆனது. தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்தவர், நீல விளக்கைக் கடந்து, எனக்கு முன்னால் படியேறினார். நான் பாதி வழியில் மூச்சு வாங்கும்போது, "என்ன தம்பி, உங்களுக்கும் முட்டிவலியா?" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மேலே மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் உள்ளே போனோம். ஆயிரத்து முந்நூறு வருடத்துக் கால்கள் தேய்த்த தரை. வெளிச்சம் குறைவு. அந்த இருட்டுக்குள் புத்தர் கண்ணை மூடியும் மூடாமலும் நிற்கிறார். நான் என் பாடத்தை ஒப்பித்தேன்.

"இந்தச் சிலை ஒரே மரத்துல செஞ்சது. என்ன மரம் தெரியுமா? கற்பூர மரம். நம்ம ஊர்ல சாமிக்கு முன்னால கற்பூரத்தைக் கொளுத்துறோம். இங்க சாமியே கற்பூரம்."

கூட்டம் "அட" என்றது. எப்போதும் இந்த இடத்தில் "அட" என்பார்கள். உலகம்மாள் மட்டும் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "வாசம் ஒண்ணையும் காணமே. பழசாப்போச்சோ?" என்றார்.

பிறகு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நகர்ந்து, ஒரு தூணை அடையாளம் வைத்து மகன் நின்ற இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே அவனைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அழவில்லை. "இந்தத் தூணுல இருக்கிற கணு எனக்குத் தோளுக்கு வருது. அவனுக்கு நெஞ்சுக்கு வந்திருக்கு. எப்படி வளந்துட்டான் பாருங்க" என்றார். லாரி, ஆஸ்பத்திரி, அவன் கடைசியாகப் போட்டிருந்த பச்சைச் சட்டை, எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. ஒன்றுகூட மங்கவில்லை. எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. தொப்பி சரியாக வேலை செய்யவில்லையோ என்று நினைத்தேன். ஆனால் விளக்கு நீலமாகத்தானே எரிந்தது?

மங்கியது அவருடைய களைப்பு ஒன்றுதான்.

"வர்ற தையில பேச்சி பேத்திக்குக் காதுகுத்து. இங்க சின்னதா மரத்துல சாமி விக்காங்களா தம்பி? புள்ளைக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போவணும். எங்க பின்கட்டுல ஓடு வேற மாத்தாம கெடக்கு, ஊருக்குப் போனதும் ஆளைக் கூப்பிடணும்" என்று பேசிக்கொண்டே போனார். பிறகு சுவரோரம் ஜமக்காளத்தில் உட்கார்ந்துகொண்டு, "குளிருதே. என் சால்வை பேச்சிகிட்ட இருக்கு, எடுத்தாறீங்களா?" என்றார்.

அதற்காகத்தான் நான் இறங்கினேன். இல்லையென்றால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

பேச்சியம்மாள் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"உங்க மதினி உள்ள சின்னப்புள்ள மாதிரி இருக்காங்கக்கா. பாவம், மகனுக்குக் கொள்ளி வச்ச நெனப்பு கொஞ்ச நேரம் இல்லாமப்போனதே அவங்களுக்கு எவ்வளவு நிம்மதி பாருங்க" என்றேன்.

"கொள்ளியா? யாரு வச்சா?"

"அவங்கதானே? மாரிச்செல்வத்துக்கு?"

"அவனை எங்க எரிச்சோம்?" பேச்சியம்மாள் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "எங்க ஆளுகள்ல எரிக்கிற வழக்கமே கெடையாது தம்பி. பொதைக்கிறதுதான். எங்க அண்ணனையும் பொதைச்சோம், அவனையும் பக்கத்துலயே பொதைச்சோம். மதினி செவ்வாய்க்கு செவ்வாய் போயி அங்கன உக்காந்துட்டு வருவாவ."

 இந்து என்றால் எரிப்பார்கள் என்று நானாக முடிவு கட்டியிருக்கிறேன். இத்தனை வருடமும் ஒருவரிடமும் கேட்டதில்லை. ஊரில் பிறந்து வளர்ந்தவன் லட்சணம் இது. இந்த இயந்திரத்தைச் செய்தவனுக்கு நம் வழக்கம் தெரியாது என்று நொட்டை சொன்னேனே, எனக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது?

"அப்ப வேற ஏதாவது தீ? வீடு எரிஞ்சது, அடுப்பு வெடிச்சது, பட்டாசு..."

"எங்க அண்ணன் வீட்டுல திரி கருகுன வாசம்கூட வந்ததில்ல. எதுக்குக் கேக்கிய?"

"சும்மாதான். தையில உங்க பேத்திக்குக் காதுகுத்தாமே. அக்கா சொன்னாங்க."

"அவுகளா சொன்னாவ?" பேச்சியம்மாளுக்கு ஆச்சரியம். "நான் காதுகுத்துக்கு இருக்கமாட்டேன் பேச்சின்னு, பிள்ளைக்குன்னு வச்சிருந்த வளையலை இப்பவே குடுத்துட்டாவ. வீட்டைத் தங்கச்சி மவ பேருக்கு எழுதியாச்சு. மாட்டை வித்தாச்சு. இந்தச் சாமியை ஒரு தடவை பாத்துட்டு வந்துட்டா எல்லாம் முடிஞ்சிரும்னாவ. நான் காசிக்கு கீசிக்குப் போவாவளோன்னு நெனைச்சேன்."

நடந்த நெருப்பா, நடக்காத நெருப்பா? அப்பச் சரி.

 சால்வையைக்கூட வாங்காமல் வளைவை நோக்கி ஓடினேன். தொப்பியின் வேலை முடிய அதிக நேரமில்லை. முடியும்போது எல்லாம் ஒரே அடியாகத் திரும்பி வரும். அப்போது விஷயம் தெரிந்த ஒருவரும் அவர் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். கல்லில் ஏறி நின்றேன்.

ஆரஞ்சு.

இத்தனை வருடத்தில் எனக்கு அந்த விளக்கு எரிந்ததே இல்லை. ஒகாதா அம்மையார் புன்னகையோடு எழுந்து வந்தார். "இருதயராஜ் சான், உங்களுக்குமா?" என்று சொல்லி, தொப்பி இருக்கும் அறையைக் காட்டினார்.

நான் ஒரு நிமிடம் அந்த அறையைப் பார்த்தபடி நின்றேன். தொப்பியைப் போட்டால் உள்ளே போகலாம். போனால், எதற்குப் போனேன் என்பது எனக்குத் தெரியாது. மறுபடியும் கற்பூர மரக்கதை சொல்லிக்கொண்டு நிற்பேன். என் கண்ணில் இப்போது அந்த அம்மாவும் அந்த நெருப்பும் மட்டும்தான் இருந்தன. குத்தால அருவியை நினைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை.

ஒகாதா அம்மையாரிடம் அவருடைய மொழியில் சொன்னேன். மேலே இருக்கும் அம்மாவின் நெருப்பு நடந்து முடிந்தது அல்ல, அவர் தனக்குத்தானே வைத்துக்கொள்ள நினைத்திருப்பது என்று சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஆரஞ்சு எரிந்தவர்களிடம், அது எந்த நெருப்பு என்று நீங்கள் யாராவது கேட்டதுண்டா?" என்று கேட்டேன்.

"கேட்கும்படி எங்களுக்குச் சொல்லவில்லை. மரத்துக்கு ஆபத்து உண்டா என்று மட்டும்தான் பார்க்கச் சொன்னார்கள்" என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் போய் அழைத்து வருகிறேன்" என்று கல்லில் ஏறி நின்றார்.

ஆரஞ்சு.

அவர் தலைக்குள்ளும் நான்தான் அந்த நெருப்பை ஏற்றிவிட்டேன். தெரிந்தவன் உள்ளே போக முடியாது. போகக்கூடியவனுக்குத் தெரியாது. மரத்தைக் காப்பாற்ற எவ்வளவு மூளை செலவழித்திருக்கிறார்கள்! அந்த மூளையில் ஒரு துளியை மனிதருக்கும் செலவழித்திருக்கலாம். ஆத்திரத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மேலே இருக்கும் பிக்குவுக்குத் தொலைபேசியில் சொல்லலாம் என்றார் ஒகாதா. அந்தப் பிக்குவுக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. முன்பின் தெரியாத கிழவர் போய்க் கையைப் பிடித்தால் உலகம்மாள் மிரண்டுவிடுவார். எங்கள் கூட்டத்தில் யாரிடமாவது சொன்னால் ஊரையே கூட்டிவிடுவார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். பெஞ்சுக்குத் திரும்பி நடந்தேன்.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி வாரிய?" என்றார் பேச்சியம்மாள்.

ஒன்றும் சொல்லக்கூடாது. சொன்னால் இவரையும் அந்த விளக்கு நிறுத்திவிடும். நான் சிரிக்க முயன்றேன். என் உத்தியோகச் சிரிப்பு முதல் தடவையாக ஒரு காரியத்துக்கு உதவியது.

"மதினிக்குக் குளிருதாம்க்கா. இந்தச் சால்வையைக் கொண்டுபோய்க் குடுக்கணும். என்னை இப்ப உள்ள விடமாட்டேங்காங்க."

"அம்புட்டுப் படியா? என் முட்டி இருக்கிற இருப்புல?"

"மெதுவாப் போங்க. போயி அவங்க பக்கத்துலயே உக்காந்துக்கோங்க. அவங்க எந்திரிச்சா நீங்களும் எந்திரிங்க. எங்க போனாலும் கூடவே போங்க. தனியா மட்டும் விட்டுறாதீங்க."

"ஏன், தொலைஞ்சு போயிருவாவளா? என்ன சின்னப்புள்ளையா?"

"எதுக்குன்னு கேக்காதீங்கக்கா. உங்க காலைப் புடிக்கிறேன்."

நான் உண்மையிலேயே குனிந்தேன். பேச்சியம்மாள் பதறிக் காலை இழுத்துக்கொண்டார். "சே, என்ன இது, வேதக்காரவுக கால்ல எல்லாம் விழுவாவளா?" என்று எழுந்தார். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னையும், கோயிலையும், படி வெட்டியவர்களையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே கல்லில் ஏறி நின்றார். மூன்று மூச்சு விட்டார்.

நீலம் எரிந்தது. அவர் மனதில் முட்டிவலியைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த முட்டிவலிக்கு நான் நன்றி சொன்னேன்.

ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினார். மரங்களுக்கு நடுவே அவருடைய முதுகு மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒகாதா அம்மையார் தன் நாற்காலிக்குப் போகாமல் என் பக்கத்திலேயே நின்றார். இங்குள்ள மருத்துவமனைகளில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் இருப்பார்களா என்று கேட்டார். விசாரித்துச் சொல்லுங்கள் என்றேன். உடனே தொலைபேசியை எடுத்துக்கொண்டு போனார்.

நேரம் கடந்தது. எங்கள் கூட்டம் இறங்கி வந்தது, ஆளுக்கொரு மரத்துண்டு வாங்கிக்கொண்டு. "என்ன இருதயராஜ், பாதியில விட்டுட்டு ஓடிட்டீங்க?" என்று கேட்டார்கள். பேருந்தில் ஏறச் சொன்னேன். தொப்பியின் ஒரு மணி நேரம் எப்போதோ முடிந்திருக்க வேண்டும். படியில் யாரும் இல்லை. எனக்குத் தெரிந்த எல்லாச் செபங்களையும் சொன்னேன். பிறகு மேலே நிற்கும் அந்த மரத்துச் சாமியையும் கேட்டுக்கொண்டேன்.

கடைசியில் இருவரும் வந்தார்கள். பேச்சியம்மாள் முழு எடையையும் உலகம்மாளின் தோளில் போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். வாய் ஓயவில்லை. உலகம்மாள் அவரைத் தாங்கியபடி படியைப் பார்த்துப் பார்த்து இறங்கினார். வளைவைத் தாண்டி வந்தபோது முகத்தைப் பார்த்தேன். எல்லாம் திரும்பி வந்துவிட்டிருந்தது. அதே களைப்பு, அதே எங்கோ பார்க்கிற கண்.

"பாதிப் படியில எம் முட்டி மடங்கிப்போச்சு தம்பி. மதினி மட்டும் புடிக்கலைன்னா உருண்டு வந்து உங்க கால்ல விழுந்திருப்பேன், கணக்குச் சரியாப்போயிருக்கும்" என்றார் பேச்சியம்மாள்.

இனி மரம் இல்லை. இங்கே எதையும் சொல்லலாம்.

"அக்கா" என்றேன். "உங்கள்ல பொதைக்கிறதுதான் வழக்கம்னு பேச்சியக்கா சொன்னாங்க."

உலகம்மாள் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"மெஷினுக்குத் தெரியாதுன்னீங்களே தம்பி."

"மெஷினுக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்களை நான் தனியா விடப்போறதில்ல."

  அவர், யாருடைய கண்ணிலும் படாமல் எங்காவது போய் நின்றால் தேவலை என்பது போல முகத்தைத் திருப்பி, பேச்சியம்மாளின் பிடியிலிருந்து தன் கையை மெல்ல உருவினார்.

"அய்யோ, கையை விட்டுறாதீய மதினி" என்று பேச்சியம்மாள் அலறினார். "விழுந்துருவேன்."

உலகம்மாள் சாலையைப் பார்த்தார். பேருந்தைப் பார்த்தார். நாத்தனாரின் நடுங்குகிற காலைப் பார்த்தார்.

"அதுக்கு ஏன் கத்துத? மெதுவா வா" என்று சொல்லி, கையை மறுபடியும் கொடுத்தார்.